எஞ்சின் மாற்றிய கோல்ஃப் வண்டியில் பாட்டரி சார்ஜ்: வழிகளும் தேர்வும்

பெட்ரோலில் ஓடும் கோல்ஃப் வண்டியில் 12 வோல்ட் பாட்டரி ஒன்றே இருக்கும். எஞ்சினைக் கிளப்புவதும், விளக்கு, ஹாரன் முதலியவற்றுக்கு மின்சாரம் தருவதும் அதன் வேலை. செலவான மின்சாரத்தை எஞ்சின் ஓடும்போதே திருப்பி ஏற்றும் ஏற்பாட்டைத் தயாரிப்பாளரே வண்டியோடு சேர்த்து அமைத்திருப்பார். பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு நிறுவனத்தின் எஞ்சினை வைக்கும்போது அந்த ஏற்பாடு குலைகிறது. புதிய எஞ்சின் நன்றாக ஓடினாலும் சில நாட்களில் பாட்டரி இறங்கி வண்டி நின்றுவிடுவது இப்படித்தான். எஞ்சின் மாற்றத்துக்குப் பின் பாட்டரியைச் சார்ஜ் செய்ய உள்ள வழிகள் எவை, ஒவ்வொன்றும் எந்த வகை வண்டிக்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை வரிசையாக ஆராய்கிறது.

எஞ்சின் மாற்றம் ஏன் நடக்கிறது

எஞ்சினை மாற்றும் வழக்கம் பரவலாக உள்ள நாடு அமெரிக்கா. இ-இசட்-கோ, கிளப் கார் ஆகிய இரு பெரிய தயாரிப்பாளர்களும் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா பகுதியைச் சேர்ந்தவர்கள். யமஹாவின் கோல்ஃப் வண்டி ஆலை அதே மாநிலத்தின் நியூனன் நகரில் உள்ளது. ஃபுளோரிடாவின் 'தி வில்லேஜஸ்', ஜார்ஜியாவின் பீச்ட்ரீ சிட்டி போன்ற ஊர்களில் கடைக்குப் போகவும் அண்டை வீட்டுக்குப் போகவும் மக்கள் கோல்ஃப் வண்டியையே எடுக்கிறார்கள். பண்ணைகளிலும் வேட்டைக் காடுகளிலும் பழைய வண்டிகள் சுமை இழுக்கின்றன.

இந்த வண்டிகளில் தொடக்கத்தில் இருந்தவை சிறிய எஞ்சின்கள். இ-இசட்-கோவில் ராபின் நிறுவனத்தின் 295 சிசி, 350 சிசி எஞ்சின்களும், கிளப் காரில் கவாசாகியின் எஃப்.இ.290, எஃப்.இ.350 எஞ்சின்களும் நெடுங்காலம் வந்தன. ராபின் எஞ்சின்களைத் தயாரித்த ஃபுஜி ஹெவி நிறுவனம் 2017-இல் தொழில்துறை எஞ்சின் வணிகத்தையே கைவிட்டது. உதிரிப் பாகம் தேடி அலைவதைவிடச் சந்தையில் எளிதாகக் கிடைக்கும் பொது எஞ்சினை வைப்பது மேல் என்று உரிமையாளர்கள் கருதுவதற்கு இது ஒரு காரணம். கூடுதல் இழுவை வேண்டும் என்பது மற்றொன்று. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் வேன்கார்டு வி-ட்வின், ஹோண்டாவின் ஜி.எக்ஸ்.390, ஜி.எக்ஸ்.690, ஹார்பர் ஃபிரைட் கடைகளில் விற்கும் பிரெடேட்டர் ஆகியவை இவ்வாறு அதிகம் பொருத்தப்படுகின்றன.

அசல் ஏற்பாடும் அது குலையும் இடமும்

பெரும்பாலான பெட்ரோல் கோல்ஃப் வண்டிகளில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் கிளம்பாது. ஆக்சிலேட்டரை மிதித்தால் கிளம்பும். காலை எடுத்தால் நின்றுவிடும். இதைச் செய்வது ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர் என்ற ஒற்றைக் கருவி. அது எஞ்சினோடு பெல்ட்டால் எப்போதும் இணைந்திருக்கும். மிதித்த கணத்தில் ஒரு சுவிட்ச் சாலினாய்டை இயக்க, பாட்டரியின் மின்சாரம் இந்தக் கருவிக்குள் பாய்ந்து அதை மோட்டாராக்கி எஞ்சினைச் சுற்றும். எஞ்சின் பற்றிக்கொண்டதும் பெல்ட் வழியாக எஞ்சின் அதைச் சுற்றும். அப்போது அது டைனமோவாக மாறி மின்சாரம் தரும். அதனுள் உள்ள காந்தப்புலச் சுருளின் மின்னோட்டத்தைத் தனி ரெகுலேட்டர் ஒன்று கூட்டிக் குறைத்து, பாட்டரிக்குப் போகும் வோல்ட்டை 14 முதல் 14.5 வரை நிறுத்தும்.

சந்தையில் வாங்கும் பொது எஞ்சின்களின் அமைப்பு வேறு. அவற்றில் ஃபிளைவீலின் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்றும் செல்ஃப் மோட்டார் தனியாக இருக்கும். சார்ஜ் செய்ய ஃபிளைவீலுக்கு அடியில் ஸ்டேட்டர் தனியாக இருக்கும். இருசக்கர வாகன மெக்கானிக்குகள் 'மேக்னட் காயில்' என்று சொல்லும் அதே அமைப்புதான் இந்த ஸ்டேட்டர். மாற்றம் செய்பவர் பழைய ஏற்பாட்டைப் புதிய எஞ்சினில் மாட்டலாம், அல்லது புதிய எஞ்சினின் ஏற்பாட்டுக்கு வண்டியைப் பழக்கலாம். எஞ்சினை எப்படிக் கிளப்புவது என்று தீர்மானித்த பிறகே எப்படிச் சார்ஜ் செய்வது என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் ஆல்டர்னேட்டரை வாங்கிவிட்டுப் பிறகு யோசிப்பவர்களின் பணம் வீணாகிறது.

மின்சார வரவு செலவு

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதலில் போட வேண்டியது கணக்கு. ஒரு வி-ட்வின் எஞ்சினைக் கிளப்ப 150 ஆம்பியர் 2 விநாடி பாய்கிறது என்று கொண்டால், ஒரு முறை கிளப்பச் செலவாவது 0.083 ஆம்பியர்-மணி மட்டுமே. சாவியால் கிளப்பி எஞ்சினை ஓடவிடும் வண்டியில் நாளொன்றுக்குப் பத்து முறை கிளப்பினாலும் செலவு ஓர் ஆம்பியர்-மணியை எட்டாது. மிதித்துக் கிளப்பும் வண்டியின் எஞ்சினோ ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று மீண்டும் கிளம்புகிறது. நாளில் நூறு முறை கிளப்பினால் செலவு 8 ஆம்பியர்-மணியைத் தாண்டும். வண்டிக்கு எவ்வளவு சார்ஜ் தேவை என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது இந்த வேறுபாடுதான்.

அடுத்த செலவு விளக்குகள். 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டு எரிந்தால் ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கும். அதே இடத்தில் 15 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு போட்டால் 2 ஆம்பியரைச் சற்றே தாண்டும். பல புதிய எஞ்சின்களின் கார்புரேட்டரில் பெட்ரோலைத் திறந்து மூடும் சிறு சாலினாய்டு ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும் வரை அதற்கு 12 வோல்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதன் செலவு ஓர் ஆம்பியருக்குள் அடங்கினாலும், பாட்டரி முழுதாக இறங்கினால் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினும் நின்றுவிடும். மின்னணு எரிபொருள் பீச்சல் உள்ள எஞ்சின்களில் பம்ப்பும் கணினியும் பாட்டரியையே நம்பியிருப்பதால் இந்தத் தேவை இன்னும் கடுமையானது.

புல்வெட்டி டிராக்டர்களில் வரும் வகையைச் சேர்ந்த 35 ஆம்பியர்-மணி பாட்டரியை எடுத்துக்கொள்வோம். ஈய-அமில பாட்டரி நெடுநாள் உழைக்க அதில் பாதிக்கு மேல் இறக்காமல் இருப்பது நல்லது; ஆகவே பயன்படுவது சுமார் 17 ஆம்பியர்-மணி. சாவியால் பத்து முறை கிளப்பி, இரண்டு மணி நேரம் பகலில் ஓட்டும் வண்டி நாளொன்றுக்கு 3 ஆம்பியர்-மணிக்குள்தான் செலவழிக்கும். எந்தச் சார்ஜும் இல்லாமல் அது ஐந்தாறு நாள் ஓடும். மிதித்துக் கிளப்பி, ஹாலஜன் விளக்கும் எரிக்கும் வண்டி இரண்டாம் நாளே தடுமாறும்.

முதல் வழி: பழைய ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரைத் தக்கவைத்தல்

மிதித்தால் கிளம்பும் பழைய இயல்பை விட மனமில்லாதவர்களுக்கு இதுவே நேர்வழி. அந்தக் கருவி ஆயிரக்கணக்கான முறை எஞ்சினைக் கிளப்புவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. பெல்ட் எப்போதும் இணைந்திருப்பதால் பல்லோடு பல் மோதும் ஓசையோ தேய்மானமோ இல்லை. பழைய ரெகுலேட்டர், சாலினாய்டு, ஒயர் எல்லாம் அப்படியே பயன்படும்.

தடை இடத்தில்தான் வருகிறது. பொது எஞ்சினின் தண்டு குறுகியது. அதில் வண்டியின் கிளட்சை மாட்டிய பிறகு பெல்ட் புல்லிக்கு இடம் மிஞ்சுவது அரிது. சிலர் ஃபிளைவீல் பக்கத்தில் புல்லியைப் பொருத்துகிறார்கள். அப்போது குளிர்விக்கும் காற்று புகும் மூடியை வெட்ட வேண்டி வரும். காற்றோட்டம் குறைந்தால் எஞ்சின் சூடேறும் என்பதால் இந்த வேலையில் மிகுந்த கவனம் தேவை. கருவியைத் தாங்கும் பிராக்கெட் கனமான இரும்பில் இருக்க வேண்டும். இரு புல்லிகளும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் பெல்ட் சில வாரங்களில் கிழியும். புதிய எஞ்சின் சுழலும் திசை பழையதன் திசைதானா என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

பெரிய எஞ்சினைப் பழைய கருவி சுற்றுமா என்ற கேள்வியும் உண்டு. 295 சிசி எஞ்சினுக்கென அளவிட்ட கருவி 600 சிசிக்கு மேற்பட்ட எஞ்சினை, குளிர்ந்த காலையில், சோர்ந்த பாட்டரியோடு சுற்றத் திணறும். அமுக்கத்தைத் தற்காலிகமாகக் குறைக்கும் அமைப்பு உள்ள எஞ்சின்களில் இந்தச் சிக்கல் தணிகிறது.

மாட்டிய பிறகும் சார்ஜ் ஏறாவிட்டால் முதலில் ஐயுற வேண்டியது எஞ்சிய காந்தத்தை. டைனமோ தானாக மின்சாரம் எடுக்கத் தொடங்க, அதன் இரும்பில் சிறிது காந்தம் மிஞ்சியிருக்க வேண்டும். நெடுநாள் கிடந்த கருவியில் அது மறைந்திருக்கலாம். தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்னபடி, காந்தப்புலச் சுருளுக்குப் பாட்டரி மின்சாரத்தை ஒரு கணம் கொடுத்தால் காந்தம் மீளும். கார்பன் பிரஷ், பேரிங் ஆகியவற்றையும் எஞ்சின் மாற்றும் நேரத்திலேயே பார்த்துவிடுவது சிக்கனம்.

இரண்டாம் வழி: எஞ்சினின் சொந்த ஸ்டேட்டர்

பெரும்பாலான மாற்றங்களுக்கு இந்த வழியே பொருந்துகிறது. ஃபிளைவீலில் பதித்த காந்தங்கள் ஸ்டேட்டர் சுருளைச் சுற்றி ஓடும்போது மாறுதிசை மின்னோட்டம் பிறக்கிறது. ரெக்டிஃபையர்-ரெகுலேட்டர் அதை நேர்மின்னோட்டமாக்கி, வோல்ட்டையும் கட்டுப்படுத்திப் பாட்டரிக்கு அனுப்புகிறது. கூடுதல் பெல்ட், பிராக்கெட், புல்லி எதுவும் தேவையில்லை. தேய்வதற்கு பிரஷ்ஷும் இல்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஸ்டேட்டரின் அளவு. ஒரே மாடல் எஞ்சினே வெவ்வேறு ஸ்டேட்டர்களோடு வருகிறது. ஹோண்டாவின் ஜி.எக்ஸ். வரிசை ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்களில் ஓரிரு ஆம்பியர் தரும் சிறு சுருளும் உண்டு. 10 ஆம்பியர், அதற்கு மேலும் தரும் பெரிய சுருளும் உண்டு. வேன்கார்டு வி-ட்வின்களில் 16 ஆம்பியர் பரவலானது. கையால் கயிறிழுத்துக் கிளப்பும் மலிவு மாடல்களில் ஸ்டேட்டரே இல்லாமல் போகலாம். பின்னால் சேர்ப்பதென்றால் ஃபிளைவீலைக் கழற்ற வேண்டும். சார்ஜுக்குரிய காந்தங்கள் இல்லாத ஃபிளைவீலாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஆகவே செல்ஃப் மோட்டாரும் போதிய ஸ்டேட்டரும் சேர்ந்த மாடலைத் தொடக்கத்திலேயே வாங்குவது மலிவு.

ஸ்டேட்டர் தரும் வோல்ட் எஞ்சின் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறி இறங்கும். 3,600 சுற்றில் 30 வோல்ட் மாறுமின்சாரம் தரும் சுருள், 1,500 சுற்றில் 12.5 வோல்ட்டே தரும். அந்த வேகத்தில் பாட்டரிக்குச் செல்லும் சார்ஜ் மிக மெலிந்துவிடும். கோல்ஃப் வண்டியின் கிளட்ச் ஓட்டத்தின்போது எஞ்சினை உயர் வேகத்தில் வைத்திருப்பதால் ஓடும் வண்டிக்கு இது குறையாகாது. நிறுத்தி வைத்து விளக்கெரித்தபடி மெதுவாக ஓடவிட்டால்தான் பாட்டரி மெல்ல இறங்கும்.

இந்த வழியில் செல்பவர் மிதித்துக் கிளப்பும் பழக்கத்தைக் கைவிட்டுச் சாவியால் கிளப்பும் முறைக்கு மாறுவது நல்லது. பல்சக்கரத்தில் தாவி மாட்டும் செல்ஃப் மோட்டார் நாளுக்கு நூறு முறை சுற்றுவதற்காகச் செய்யப்பட்டதன்று. மிதிச் சுவிட்சோடு அதை இணைத்தால் பற்கள் விரைவில் தேயும். எஞ்சின் பற்றிய பிறகும் மோட்டாருக்கு மின்சாரம் நீடித்தால் அது எரிந்தும் போகலாம். சாவிமுறைக்கு மாறினால் வண்டி நிற்கும்போதும் எஞ்சின் மெதுவாக ஓடும். அந்த வேகம் கிளட்ச் பிடிக்கும் வேகத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மிதிக்காமலேயே வண்டி ஊரும். அது ஆபத்து. வேகத்தைச் சரிசெய்வதும், தேவையானால் கிளட்ச் ஸ்பிரிங்கை மாற்றுவதும் இந்த வழியின் பகுதியே.

இரண்டு பிழைகள் இங்கே அடிக்கடி நிகழ்கின்றன. ஒன்று, ரெகுலேட்டரின் உடலை எஞ்சினோடு சரியாக எர்த் செய்யாமல் பிளாஸ்டிக்கிலோ பெயின்ட் மீதோ மாட்டுவது. பல ரெகுலேட்டர்கள் உடலின் வழியாகவே சுற்றை முடிக்கின்றன. வெப்பத்தை வெளியேற்றவும் உலோகத் தொடர்பு வேண்டும். இன்னொன்று, எஞ்சினை நிறுத்தும் ஒயரில் 12 வோல்ட் கொடுப்பது. பொது எஞ்சின்களின் மேக்னெட்டோ தீப்பொறி பாட்டரியைச் சாராதது. நிறுத்தும் ஒயரை எர்த்தில் தொட்டால் எஞ்சின் நிற்கும். பழைய வண்டியின் சாவியோ சில மாடல்களில் ஓட்டநிலையில் 12 வோல்ட் அனுப்பும். அந்த ஒயரை அப்படியே புதிய எஞ்சினில் இணைத்தால் இக்னிஷன் காயில் கெடும். எர்த் கொடுத்து நிறுத்தும் வகைச் சாவி சுவிட்சோ, அந்த வேலையைச் செய்யும் ரிலேயோ தேவை.

மூன்றாம் வழி: தனி ஆல்டர்னேட்டர்

கார் அல்லது சிறு டிராக்டரின் ஆல்டர்னேட்டரைப் பெல்ட்டால் ஓட்டுவது மூன்றாம் வழி. 40 முதல் 60 ஆம்பியர் வரை இதில் எளிதாகக் கிடைக்கும். உள்ளேயே ரெகுலேட்டர் இருப்பதால் ஒயரிங் சுருங்கும். மின்சாரம் உண்டாவது சுழலும் திசையைப் பொறுத்ததன்று. குளிர்விக்கும் விசிறியின் வடிவம் மட்டுமே திசையைக் கேட்கும்.

இதற்கும் இடத்தடை முதல் வழியில் சொன்னதேதான். அதோடு எஞ்சின் திறனும் செலவாகிறது. 40 ஆம்பியரை 14 வோல்ட்டில் தரும்போது வெளிவருவது 560 வாட். ஆல்டர்னேட்டரின் பயனுறுதிறன் 55 விழுக்காடு என்று கொண்டால் எஞ்சின் தர வேண்டியது ஏறத்தாழ 1,000 வாட், அதாவது சுமார் 1.4 குதிரைத்திறன். 13 குதிரைத்திறன் எஞ்சினில் அது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். எனினும் 10 ஆம்பியர் மட்டுமே கேட்கும் வண்டியில் இந்தச் சுமை அதற்கேற்பக் குறையும்.

சுமை இழுக்கும் வின்ச், பெரிய ஒலிபெருக்கி, 12 வோல்ட்டிலிருந்து வீட்டு மின்சாரம் எடுக்கும் இன்வெர்ட்டர், நீர்தெளிக்கும் பம்ப் ஆகியவற்றைத் தொடர்ந்து இயக்கும் வேலை வண்டிக்கு ஆல்டர்னேட்டர் நியாயமானது. இரண்டு எல்.இ.டி. விளக்கும் ஒரு ஹாரனும் உள்ள வண்டிக்கு அது வீண் எடை.

நான்காம் வழி: வெளியிலிருந்து சார்ஜ்

எஞ்சினிலிருந்து எதையும் எடுக்காமல், வண்டி நிற்கும்போது வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்வது நான்காம் வழி. மேலே போட்ட கணக்கின்படி, பகலில் மட்டும் ஓடி, சாவியால் சில முறை கிளம்பும் வண்டிக்கு வாரம் ஓரிரவு சார்ஜே போதும். ஓரிரு ஆம்பியர் தரும் தானியங்கிச் சார்ஜர் முழுதாக ஏற்றிய பின் வோல்ட்டை 13.2 முதல் 13.6 வரை இறக்கிப் பாட்டரியைப் பாதுகாக்கும். இதன் குறை மனிதரின் மறதி. இரவில் விளக்கெரியும் வண்டியை இதற்கு மட்டும் விட்டுவைக்கக் கூடாது.

கூரைமேல் சோலார் பேனல் அந்த மறதியை ஈடுகட்டும். 20 வாட் பேனல், நாளில் நான்கரை மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி பெற்று, இழப்பு போக 70 விழுக்காடு தந்தால், பாட்டரிக்குச் சேர்வது 60 வாட்-மணிக்கு மேல். அதாவது 4 முதல் 5 ஆம்பியர்-மணி. சாவியால் கிளம்பும் பகல் வண்டியின் அன்றாடச் செலவை அது தாண்டுகிறது. 100 வாட் பேனல் மிதித்துக் கிளப்பும் வண்டியைக்கூடத் தாங்கும். ஆனால் வண்டி நிற்கும் இடம் மூடிய கொட்டகையானால் பேனலால் பயனில்லை. பேனலுக்கும் பாட்டரிக்கும் நடுவே சார்ஜ் கன்ட்ரோலர் வைப்பது கட்டாயம்.

வெளிச் சார்ஜை மற்ற வழிகளோடு சேர்ப்பதில் தடையில்லை. பனி கொட்டும் வடமாநிலங்களில் மாதக்கணக்கில் வண்டி நிற்கும். முழுதாக இறங்கிய ஈய-அமில பாட்டரியின் திரவம் -7 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உறைந்து கூட்டைப் பிளக்கும். முழுச் சார்ஜில் உள்ளது அந்தக் குளிரைத் தாங்கும். அங்கே ஸ்டேட்டர் உள்ள வண்டிக்கும் ஒரு சிறு சார்ஜர் அவசியமே.

பாட்டரி வகையும் ஒயரிங்கும்

எடை குறைவு என்பதால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியை வைப்போர் பெருகுகிறார்கள். அதன் உள்தடை மிகக் குறைவு. சார்ஜ் இறங்கிய நிலையில் கிடைக்கும் ஆம்பியர் அத்தனையையும் இழுக்கும். சிறு ஸ்டேட்டரும் ஆல்டர்னேட்டரும் நெடுநேரம் முழுச்சுமையில் ஓடிச் சூடேறும். பாட்டரியின் பாதுகாப்புச் சுற்று நடுவில் துண்டித்தால் வோல்ட் திடீரென ஏறி ரெகுலேட்டர் கெடலாம். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது. எஞ்சினைக் கிளப்ப ஏற்றதென்று குறிப்பிட்ட மாடலையே வாங்க வேண்டும். சாதாரணப் பயனுக்கு ஏ.ஜி.எம். வகை ஈய-அமில பாட்டரியே சிக்கலற்றது.

எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால் அதன் உடலிலிருந்து பாட்டரியின் நெகட்டிவ் முனைக்குக் கனத்த எர்த் கேபிள் நேரடியாகப் போக வேண்டும். சார்ஜ் ஒயரில் பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். 16 ஆம்பியர் ஸ்டேட்டருக்கு 20 அல்லது 25 ஆம்பியர் ஃபியூஸ் தகும். எஞ்சின் ஓடும்போது பாட்டரி இணைப்பைக் கழற்றக் கூடாது. மின்சார வண்டியில் பெட்ரோல் எஞ்சின் வைப்பவர்கள் 36 அல்லது 48 வோல்ட் பாட்டரித் தொகுதியோடு அதன் வோல்ட் குறைப்பானையும் நீக்கி, 12 வோல்ட் சுற்றைப் புதிதாக இழுக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் மல்டிமீட்டர் வைத்துச் சோதிப்பது எளிது. சில மணி நேரம் ஓய்ந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். எஞ்சின் உயர் வேகத்தில் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாமல் அப்படியே நின்றால் ஃபியூஸ், எர்த், ரெகுலேட்டர், ஸ்டேட்டர் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. அந்நிலையில் ஓட்டினால் பாட்டரித் திரவம் கொதித்து வற்றும்.

தேர்வு

மிதித்துக் கிளப்பும் இயல்பு வேண்டும், எஞ்சினும் நடுத்தர அளவுதான் என்றால் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரைத் தக்கவைக்கலாம். சாவியால் கிளப்பச் சம்மதம் என்றால், 10 ஆம்பியருக்குக் குறையாத ஸ்டேட்டர் உள்ள எஞ்சினே மிகக் குறைந்த வேலையில் நிறைந்த பயன் தரும், விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றினால் அது தாராளமாகப் போதும். ஓரிரு ஆம்பியர் ஸ்டேட்டர் மட்டுமே உள்ள எஞ்சின் ஏற்கெனவே கையில் இருந்தால், அதோடு சிறு சோலார் பேனலோ வெளிச் சார்ஜரோ சேர்ப்பது ஃபிளைவீலைக் கழற்றுவதைவிட மலிவு. வின்ச், பம்ப், இன்வெர்ட்டர் போன்றவற்றை அன்றாடம் இயக்கும் வண்டிக்கு ஆல்டர்னேட்டர் உரியது. சார்ஜே இல்லாத எஞ்சினில் எப்போதாவது பகலில் மட்டும் ஓடும் வண்டிக்கு வாராந்தரச் சார்ஜ் போதுமானது.